ஆன்லைன் வண்ணத்தட்டுக் கருவி: உருவாக்குவதும் புதுப்பிப்பதும்

ஒரு நிறத்தைக் கொடுத்தால் அதனோடு பொருந்தக்கூடிய வேறு சில நிறங்களைத் தேர்ந்து காட்டி, அவற்றின் குறியீடுகளை நகலெடுத்துக்கொள்ளவும் உதவும் சிறு இணையச் செயலியே வண்ணத்தட்டுக் கருவி. வடிவமைப்பாளர்கள் கலர் பேலட் என்று சொல்லி அன்றாடம் பயன்படுத்துவது இதைத்தான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும் அடிப்படைப் பழக்கம் உள்ள எவரும் இதை உருவாக்கலாம். சர்வரும் தரவுத்தளமும் இல்லாமலே முழுக்க உலாவிக்குள் இயங்கும் என்பதால், தொடங்கி முடிக்கக்கூடிய முதல் திட்டமாக எடுத்துக்கொள்ள ஏற்றது.

கருவியை ஒருமுறை ஓடவைப்பது எளிது. பலர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அதை மாற்றுவதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒருவர் இன்று சேமித்துவைத்த ஐந்து நிறங்கள், நீங்கள் அடுத்த ஆண்டு கணக்கு முறையை மேம்படுத்தியதால் சற்றே வேறான ஐந்து நிறங்களாகத் திறக்குமானால், அந்த மேம்பாடு அவருக்குத் தொல்லையாகத்தான் முடியும். அந்த நிறங்களை வைத்து அவர் ஏற்கெனவே ஒரு தளத்தை வடிவமைத்து முடித்திருப்பார். ஆகவே கீழே சொல்லப்படும் படிகள் யாவும், சேமிக்கப்பட்ட நிறம் பின்னாளில் மாறாதிருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: முதல் பதிப்பின் எல்லையை வரையறுத்தல்

முதல் பதிப்பில் நான்கு செயல்கள் போதும். பயனர் ஒரு நிறத்தை உள்ளிடுகிறார்; கருவி ஐந்து நிறங்களைக் காட்டுகிறது; அவற்றின் குறியீட்டை அவர் நகலெடுக்கிறார்; அதே தட்டை மீண்டும் திறக்க ஓர் இணைப்பைப் பெறுகிறார். உறுப்பினர் கணக்கு, விருப்பக்குறி, பிறர் தட்டுகளின் காட்சியகம் போன்றவை சர்வரையும் கடவுச்சொல் பாதுகாப்பையும் பராமரிப்புச் சுமையையும் இழுத்துக்கொண்டு வருபவை என்பதால் அவற்றை இப்போது தொட வேண்டாம். படத்திலிருந்து நிறம் எடுக்கும் வசதியைக்கூட இரண்டாம் பதிப்புக்குத் தள்ளிவைப்பது நல்லது.

படி 2: நிறத்தை உள்ளுக்குள் எப்படி வைத்திருப்பது

இந்தப் படியில் எடுக்கும் முடிவுதான் பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே இங்கே நேரம் செலவிடுவதில் தவறில்லை.

இணையத்தில் நிறங்கள் பெரும்பாலும் ஹெக்ஸ் குறியீடாகவே புழங்குகின்றன. #336699 என்ற நிறத்தை எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டிரண்டு இடங்களாகப் பிரித்தால் 33, 66, 99 என்று மூன்று எண்கள் கிடைக்கும். இவை பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்டவை. 33 என்பது 3 × 16 + 3, அதாவது 51. அதே கணக்கில் 66 என்பது 102, 99 என்பது 153. ஆக இந்த நிறம் சிவப்பு 51, பச்சை 102, நீலம் 153 சேர்ந்த ஓர் அடங்கிய நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை 256 அளவுகளைப் பெறலாம் என்பதால் மொத்தம் 1,67,77,216 நிறங்களை இப்படிக் குறிக்க முடியும். இந்த எண்கள் திரையில் எந்த ஒளியாக வெளிப்பட வேண்டும் என்பதை எஸ்ஆர்ஜிபி என்ற தரம் வரையறுக்கிறது. 1996இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்மொழிந்த இது 1999இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமாக ஏற்கப்பட்டது.

பயனருக்கு ஹெக்ஸ் எண்களை வைத்து நிறத்தை மாற்றுவது கடினம். ‘இதையே கொஞ்சம் வெளிறச் செய்’ என்றுதான் அவர் நினைப்பார். அதற்காக வந்தது எச்எஸ்எல் முறை: நிறச்சாயல் 0 முதல் 360 வரையிலான கோணமாகவும், செறிவும் வெளிர்வும் சதவீதமாகவும் தரப்படுகின்றன. நம்முடைய #336699 இம்முறையில் 210 பாகை, 50 சதவீதம், 40 சதவீதம் என்று முழு எண்களாக அழகாக அமைகிறது. எல்லா நிறங்களும் இப்படி அமைவதில்லை என்பதுதான் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது. முழு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் எச்எஸ்எல் முறையில் 360 × 101 × 101, அதாவது 36,72,360 சேர்க்கைகளே உண்டு. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்களை முப்பத்தாறு லட்சம் இடங்களில் அடைக்க முடியாது. ஆகவே ஹெக்ஸிலிருந்து எச்எஸ்எல்லுக்கு மாற்றி, முழு எண்ணாக்கி, மறுபடி ஹெக்ஸாக்கினால் பல நிறங்கள் ஓரிரு அலகு நகர்ந்துபோகும். பயனர் தாம் ஒட்டிய குறியீடு தம் கண்முன்னே மாறுவதைப் பார்ப்பார்.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு வடிவத்தை மூல வடிவமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து அவ்வப்போது கணக்கிட்டுக் காட்டுங்கள். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தசம எண்களாக வைத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன். முழு எண்ணாக்குவது திரையில் எழுதும் கடைசி நொடியில் மட்டும் நடக்க வேண்டும். முழு எண்ணாக்கப்பட்ட மதிப்பு மீண்டும் கணக்குக்குள் நுழையக் கூடாது.

சாம்பல் நிறங்களுக்கு ஒரு தனி விதிவிலக்கு வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக இருக்கும்போது நிறச்சாயல் என்று ஒன்று இல்லை. பெரும்பாலான நிரல்கள் அதை 0 என்று வைத்துவிடுகின்றன. விளைவு என்னவென்றால், பயனர் செறிவு நகர்த்தியை இடப்பக்கக் கடைசிவரை இழுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும்போது அவருடைய நீலம் சிவப்பாகத் திரும்பி வரும். நகர்த்திகளின் கடைசி நிலையை நிறத்திலிருந்து பிரித்துத் தனியாக நினைவில் வைத்திருந்தால் இந்தக் குறை வராது.

உள்ளீட்டைப் படிக்கும் பகுதியில் தாராளமாக இருங்கள். முன்னால் # இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓரங்களில் வெற்றிடம் இருந்தாலும், #369 என்ற மூன்றிலக்கச் சுருக்கமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். #369 என்பதும் #336699 என்பதும் ஒன்றே. எட்டிலக்கக் குறியீட்டில் கடைசி இரண்டும் ஒளிபுகும் அளவைக் குறிக்கும். முதல் பதிப்பில் அதை ஆதரிக்காவிட்டாலும், அந்த இரண்டை மட்டும் சத்தமின்றி வெட்டியெறியாமல், ஏற்க முடியாததைப் பயனரிடம் சொல்லுங்கள்.

படி 3: நிறங்களைப் பிறப்பிக்கும் விதிகள்

சாயல்களை வட்டமாக அடுக்கிய நிறச்சக்கரத்தில் கோணத்தைத் திருப்புவதே பழைய, எளிய முறை. 180 பாகை திருப்பினால் எதிர்நிறம். 120, 240 பாகைகளில் முக்கோணச் சேர்க்கை. இரு பக்கமும் 30 பாகை நகர்ந்தால் அண்டை நிறங்கள். #336699இன் எதிர்நிறம் 30 பாகையில் அமையும் #996633 என்ற பழுப்பு. முக்கோணத்தின் மற்ற இரண்டும் 330 பாகையில் #993366, 90 பாகையில் #669933. கோணத்தைக் கழிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் -30ஐ 360ஆல் வகுத்த மீதி 330 ஆகாது, -30 என்றே வரும். மீதியோடு 360ஐக் கூட்டி மறுபடி மீதி எடுத்தால் சரியாகும்.

இந்த நான்கு நிறங்களுக்கும் எச்எஸ்எல் வெளிர்வு ஒன்றுதான், 40 சதவீதம். ஆனால் வெள்ளைப் பின்னணியில் இவற்றைக் கொண்டு எழுத்து எழுதிப் பார்த்தால் நீலமும் ஊதாவும் தெளிவாகத் தெரியும், பச்சை மங்கலாகத் தெரியும். அளந்து பார்த்தால், வெள்ளையோடு #336699இன் கான்ட்ராஸ்ட் விகிதம் (இரு நிறங்களின் ஒளி வேறுபாட்டைச் சொல்லும் எண்; கணக்கு படி 4இல்) ஏறத்தாழ 6.0, #993366க்கு 6.95, #996633க்கு 4.88, #669933க்கு வெறும் 3.40. ஒரே வெளிர்வு எண்ணுக்கு இரண்டு மடங்கு வேறுபாடு. எச்எஸ்எல் என்பது 1970களின் இறுதியில் கணினியின் கணக்கு வேகத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. மனிதக் கண் பச்சையை மிகப் பிரகாசமாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உணர்வதை அது கணக்கில் கொள்வதில்லை. முழு மஞ்சளும் முழு நீலமும் அதில் 50 சதவீத வெளிர்வுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் அதை நம்பமாட்டார்கள்.

ஆகவே இன்று புதிதாகத் தொடங்குபவர், வெளிர்வு, செறிவு, சாயல் மூன்றையும் கண் உணரும் விதத்தில் அளக்கும் ஓகேஎல்சிஎச் முறையில் நிறங்களைப் பிறப்பிப்பதே சரி என்பது என் கருத்து. இதற்கு அடிப்படையான ஓகேலேப் நிறவெளியை (நிறங்களை எண்களால் குறிக்கும் முறையை) மென்பொருள் பொறியாளர் பியோர்ன் ஓட்டோசன் 2020 டிசம்பரில் வெளியிட்டார். சிஎஸ்எஸ் தரத்தின் நான்காம் நிலை நிறப் பகுதியில் அது இடம்பெற்றது. 2023 முதல் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் அதைப் புரிந்துகொள்கின்றன. முழு மஞ்சளின் வெளிர்வு இதில் ஏறத்தாழ 97 சதவீதம், முழு நீலத்தினுடையது 45. கண் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

இந்த முறையில் ஒரு புதிய சிக்கல் வரும். வெளிர்வையும் செறிவையும் அப்படியே வைத்துக்கொண்டு சாயலை மட்டும் திருப்பும்போது, சில கோணங்களில் திரையால் காட்ட முடியாத நிறம் கிடைக்கும். மாற்றிப் பார்த்தால் சிவப்பு எதிர்ம எண்ணாகவோ 255க்கு மேலாகவோ நிற்கும். அதை வெறுமனே 0க்கும் 255க்கும் வெட்டிவிட்டால் சாயலே திரிந்துபோகும். வெளிர்வையும் சாயலையும் பிடித்துவைத்துக்கொண்டு, நிறம் திரையின் எல்லைக்குள் வரும்வரை செறிவை மட்டும் குறைத்துக்கொண்டு வருவதே முறை. செறிவைப் பாதிபாதியாகக் குறைத்தும் கூட்டியும் தேடினால் இருபது சுற்றுகளுக்குள் போதிய துல்லியம் கிடைத்துவிடும்.

இரு நிறங்களுக்கு நடுவே கலவை காட்டும் வசதியையும் பலர் சேர்க்க விரும்புவார்கள். முழுச் சிவப்புக்கும் முழுப் பச்சைக்கும் நேர் சராசரி எடுத்தால் 128, 128, 0 என்ற இருண்ட ஆலிவ் நிறம் வரும். எஸ்ஆர்ஜிபி எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லாததே இதற்குக் காரணம். ஒளி அளவுக்கு மாற்றிச் சராசரி எடுத்துத் திரும்ப மாற்றினால் 188, 188, 0 கிடைக்கும். எந்த வெளியில் கலக்கிறீர்கள் என்பதைக் கருவியின் உதவிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு கருவிகள் இரண்டு விடை தரும்போது பயனர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

படி 4: எழுத்து தெரிகிறதா என்று அளத்தல்

அழகான தட்டு, படிக்க முடியாத எழுத்துக்கு வழிவகுத்தால் பயனில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளான டபிள்யூசிஏஜி இதற்கு ஒரு கணக்கைத் தருகிறது. ஒவ்வொரு நிறக்கூறையும் 255ஆல் வகுத்து 0 முதல் 1 வரையான எண்ணாக்குங்கள். அது 0.04045க்கு மேற்படாவிட்டால் 12.92ஆல் வகுங்கள்; மேற்பட்டால் 0.055ஐக் கூட்டி, 1.055ஆல் வகுத்து, 2.4 அடுக்குக்கு உயர்த்துங்கள். பிறகு 0.2126 × சிவப்பு + 0.7152 × பச்சை + 0.0722 × நீலம் என்று கூட்டினால் ஒளிர்மை கிடைக்கும். இரு நிறங்களில் கூடுதல் ஒளிர்மையோடு 0.05ஐக் கூட்டி, குறைந்த ஒளிர்மையோடு 0.05ஐக் கூட்டியதால் வகுத்தால் வருவதே கான்ட்ராஸ்ட் விகிதம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இது 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3, உயர்நிலைத் தகுதிக்கு 7 வேண்டும். (பழைய பதிப்புகளில் 0.04045க்குப் பதில் 0.03928 என்று இருக்கும். 256 அளவு நிறங்களில் 10க்கும் 11க்கும் இடையில் எந்த எண்ணும் இல்லாததால் விடை மாறாது.)

விகிதத்தைக் காட்டும்போது முழுமையாக்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54 பெறுகிறது, தேறுகிறது. அதற்கு ஒரே ஒரு படி வெளிறிய #777777 பெறுவது 4.48. ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் இதுவும் 4.5 என்றே திரையில் தோன்றும். நிரல் முழுமையாக்கிய எண்ணை வைத்து ஒப்பிட்டால் தேறாததைத் தேறியதாகச் சொல்லிவிடும். ஒப்பீட்டை முழுமையாக்காத எண்ணோடு செய்யுங்கள்; காட்டுவதை இரண்டு தசம இடங்களோடு, மேல்நோக்கி முழுமையாக்காமல் காட்டுங்கள்.

நிறப்பார்வைக் குறைபாட்டையும் மறக்கக் கூடாது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் ஏதோ ஒரு வகைச் சிரமம் உண்டு. தட்டை அவர்கள் காணும் விதத்தில் காட்டும் ஒரு பொத்தானை வைப்பது நல்லது. அதற்கான சமன்பாடுகள் 1997இலும் 2009இலும் வெளியான ஆய்வுகளில் கிடைக்கின்றன. குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளிலும் இதே பாவனைக் காட்சி உள்ளது, உங்கள் விடையை அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

படி 5: திரை அமைப்பு

நிறம் காட்டும் கருவி தான் நிறமில்லாமல் இருப்பதே நல்லது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவை நிர்வகித்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரோல், ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் பக்கத்தில் இருக்கும் நிறம் மாற்றிவிடுகிறது என்று 1839இல் விரிவாக நிறுவினார். கருவியின் தலைப்புப் பட்டை அடர்ந்த ஊதாவாக இருந்தால் பயனர் தேர்ந்தெடுக்கும் எல்லா நிறமும் அதன் தாக்கத்தோடுதான் அவர் கண்ணில் படும். பின்னணியை நடுநிலைச் சாம்பலாக வைத்து, வெள்ளைப் பின்னணிக்கும் கறுப்புப் பின்னணிக்கும் மாற்றிப் பார்க்க வழி விடுங்கள்.

ஒவ்வொரு நிறக்கட்டமும் உண்மையான பொத்தானாக இருக்கட்டும்; சொடுக்கினால் நகலெடுக்கும் வெற்றுப் பெட்டியாக இருந்தால் விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவரால் அதை அடைய முடியாது. நகலானதும் ‘நகலெடுக்கப்பட்டது’ என்ற செய்தி திரைவாசிப்பானுக்கும் எட்டும் வகையில் எழுதப்பட வேண்டும். நகலெடுக்கும் வசதி பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில்தான் இயங்கும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ளுங்கள். கட்டத்தின் மேல் எழுதும் குறியீடு கறுப்பா வெள்ளையா என்பதை ஒளிர்மையே முடிவு செய்யட்டும்: 0.179க்கு மேல் கறுப்பு, அதற்குக் கீழ் வெள்ளை. அந்த எல்லையில்தான் இரண்டின் கான்ட்ராஸ்ட்டும் சமமாகிறது. நம் #336699இன் ஒளிர்மை 0.125 என்பதால் அதன்மேல் வெள்ளை எழுத்து, #669933க்கு 0.258 என்பதால் கறுப்பு.

படி 6: சேமிப்பும் பகிர்வு இணைப்பும்

தொடக்கத்தில் சொன்ன நிபந்தனை நிறைவேறுவதும் உடைவதும் இங்கேதான். இணைப்பில் எதை எழுதுவது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘அடிப்படை நிறம் 336699, விதி முக்கோணம்’ என்று செய்முறையை எழுதலாம். அல்லது அந்த விதி தந்த நிறங்களையே எழுதலாம். முதல் வழி இணைப்பைச் சுருக்கமாக்கும், புதியவர்களுக்கு நேர்த்தியாகவும் தோன்றும். ஆனால் நாளை எச்எஸ்எல்லிலிருந்து ஓகேஎல்சிஎச்சுக்கு மாறினாலோ, செறிவைக் குறைக்கும் தேடலில் ஒரு சிறு திருத்தம் செய்தாலோ, பழைய இணைப்புகள் எல்லாம் வேறு நிறங்களைத் திறக்கும். ஓகேலேப் வெளியான அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், அதன் கணக்கில் பயன்படும் அணிகளின் (மேட்ரிக்ஸ்) எண்கள் திருத்தப்பட்டன என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கையில் இல்லாத காரணங்களாலும் விதி மாறக்கூடும். ஆகவே விளைவைச் சேமியுங்கள். விதியின் பெயரைத் தகவலுக்காகப் பக்கத்தில் குறித்துவைக்கலாம், ஆனால் திறக்கும்போது அதை மறுபடி இயக்கக் கூடாது.

இணைப்பின் வடிவம் இப்படி இருக்கலாம்: முகவரியின் இறுதியில் #1-336699-993366-669933 (சுருக்கத்துக்காக இங்கே மூன்று நிறங்கள் மட்டும்). முதலில் நிற்கும் 1, வடிவத்தின் பதிப்பு எண். அந்த ஒற்றை எழுத்து இன்று வீணாகத் தோன்றும். இரண்டாம் வடிவத்தை அறிமுகப்படுத்தும் நாளில் அதன் மதிப்பு புரியும். நிறங்களின் முன்னால் வரும் # குறியை இணைப்புக்குள் எழுதாதீர்கள், ஏனெனில் முகவரியில் அதற்கு வேறு பொருள் உண்டு. # குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்குச் செல்வதில்லை என்பதால் பயனரின் தட்டு அவருடைய உலாவியைத் தாண்டிப் போகாது.

நகர்த்தியை இழுக்கும் ஒவ்வோர் அசைவுக்கும் முகவரியை மாற்ற வேண்டாம். குறுகிய நேரத்தில் பலமுறை முகவரியை மாற்றினால் சில உலாவிகள் பிழை காட்டி மறுத்துவிடும். புதிய வரலாற்றுப் பதிவாகச் சேர்த்தால் பயனர் பின்செல்லும் பொத்தானைப் பல தடவை அழுத்த நேரிடும். இழுத்து விட்டதும் ஒரே ஒரு முறை மாற்றினால் போதும்.

உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் தட்டுகளைச் சேமிக்கலாம்; பொதுவாக ஒரு தளத்துக்கு 5 எம்பி அளவுக்கு இடம் கிடைக்கும், தட்டுகளுக்கு அது தாராளம். ஆனால் அதை நிரந்தரச் சேமிப்பாகக் கருதக் கூடாது. சஃபாரி 2020 முதல், பயனர் ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் உங்கள் தளத்தின் பக்கம் வராமலிருந்தால் அங்கே நிரல் எழுதிவைத்ததை அழித்துவிடுகிறது. ஆகவே தட்டுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் பொத்தானும், அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும் பொத்தானும் இந்தச் சேமிப்பு வசதியைச் சேர்க்கும்போதே இருக்க வேண்டும். கோப்பிலும் பதிப்பு எண் வேண்டும்.

படி 7: படத்திலிருந்து நிறம் எடுத்தல், பிற மென்பொருள்களுக்கு அனுப்புதல்

இவை இரண்டாம் பதிப்புக்குரியவை, சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தை உலாவியின் வரைபரப்பான கேன்வாஸில் வரைந்து அதன் புள்ளிகளைப் படிக்கலாம். நீண்ட பக்கம் நூறு, நூற்றைம்பது புள்ளிகள் இருக்கும்படி முதலில் சுருக்கிவிட்டால் வேகமும் கூடும், சிறு இரைச்சலும் அடங்கும். புள்ளிகளைத் தொகுக்க, கணினி வரைகலை ஆய்வாளர் பால் ஹெக்பெர்ட் 1982இல் விவரித்த மீடியன் கட் முறையே இன்றும் போதும்: எல்லா நிறங்களையும் ஒரு பெட்டியாகக் கருதி, நீளமான பக்கத்தில் இடைநிலையில் வெட்டி, வேண்டிய எண்ணிக்கை வரும்வரை தொடர்வது. வேறு தளத்திலுள்ள படத்தை, அந்தத் தளத்தின் அனுமதி இல்லாமல் வரைந்தால், புள்ளிகளைப் படிக்க உலாவி விடாது. பயனர் தம் கணினியிலிருந்து கொடுக்கும் கோப்போடு நிறுத்திக்கொள்வது எளிது.

ஏற்றுமதியில் சிஎஸ்எஸ் மாறிகள், ஜேசன் என்ற தரவு வடிவம், கிம்ப் என்ற படத்திருத்தியின் தட்டுக் கோப்பு மூன்றும் பெரும்பாலோர் தேவையைத் தீர்க்கும். அச்சுக்கான சிஎம்ஒய்கே (நான்கு மைகளின் அளவு) எண்களைத் தரும்படி யாராவது கேட்பார்கள். தாளிலும் மையிலும் நிறம் எப்படி வரும் என்று விவரிக்கும் ஐசிசி விவரக்கோப்பு இல்லாமல் அந்த எண்கள் நம்பத்தக்கவை அல்ல; தவறான உறுதியைத் தருவதைவிட அந்த வசதி இல்லாமலிருப்பதே மேல்.

படி 8: வெளியிடுவதற்கு முன் சோதித்தல்

இத்திட்டத்தின் ஒரு வசதி, எல்லா உள்ளீடுகளையும் விடாமல் சோதித்துப் பார்க்க முடிவது. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் குறியீடுகளையும் உள் வடிவத்துக்கு மாற்றி மறுபடி ஹெக்ஸாக்கி, ஒன்றாவது மாறுகிறதா என்று ஒரு சாதாரண மடிக்கணினியே சில நிமிடங்களில் பார்த்துவிடும். அதோடு ஓரங்களில் நிற்கும் நிறங்களைத் தனியாகப் பாருங்கள்: தூய கறுப்பு, தூய வெள்ளை, சாம்பல்கள், 0 பாகையிலும் 359 பாகையிலும் உள்ள சிவப்புகள்.

இன்னொரு கோப்பையும் இப்போதே தொடங்குங்கள். அதில் சில பகிர்வு இணைப்புகளும், ஒவ்வொன்றும் திறக்க வேண்டிய சரியான நிறங்களும் இருக்கட்டும். நிரலோடு சேர்த்து இதையும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் வையுங்கள். இந்தக் கோப்பில் புதிய வரிகளைச் சேர்க்கலாம். பழைய வரியைத் திருத்தவோ நீக்கவோ கூடாது என்பது உங்களுக்கு நீங்களே இட்டுக்கொள்ளும் விதி.

படி 9: புதுப்பித்தல்

புதுப்பிப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். பொத்தானின் இடத்தை மாற்றுவது, எழுத்துருவைச் சீர்செய்வது, புதிய ஏற்றுமதி வடிவத்தைச் சேர்ப்பது போன்றவை எந்த நிறத்தையும் தொடுவதில்லை. சோதனை தேறினால் வெளியிட்டுவிடலாம். நிறத்தைப் பிறப்பிக்கும் கணக்கைத் தொடுபவை மற்றொரு வகை. இதில் பழைய விதியைத் திருத்தாமல், புதிய விதியைப் புதிய பெயரோடு பக்கத்தில் சேர்ப்பதே பாதுகாப்பானது. ‘முக்கோணம்’ அப்படியே இருக்கட்டும். ‘முக்கோணம், சம வெளிர்வு’ என்று ஒன்றைச் சேர்த்து, புதிதாக வருபவருக்கு அதை முதல் தேர்வாக வைக்கலாம். சில மாதங்கள் இரண்டையும் பராமரிப்பது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கமாகத் தட்டுகளை உருவாக்குபவர் ஒரே உள்ளீட்டுக்கு வேறு விடை வருவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

சேமிப்பு வடிவம் மாறும்போது, எடுத்துக்காட்டாக ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர் சூட்டும் வசதி வரும்போது, பதிப்பு எண் 2 ஆகும். ஒன்றாம் வடிவத்தை இரண்டாக மாற்றும் சிறு செயல்கூறு ஒன்றை எழுதுங்கள். மூன்றாவது வந்தால் இரண்டை மூன்றாக்கும் ஒன்றைச் சேர்த்தால் போதும். எந்தப் பழைய இணைப்பும் இந்தச் சங்கிலி வழியாகப் படிப்படியாக ஏறி இன்றைய வடிவத்தை அடைந்துவிடும். கருவிக்குத் தெரியாத பதிப்பு எண் வந்தால், ஊகித்துத் திறக்காமல், பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கும்படி சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது, புதிய பதிப்பில் உருவான இணைப்பை, உலாவி நினைவகத்தில் தங்கிய பழைய நிரல் திறக்க முயல்வதாகவே இருக்கும். நிரல் கோப்புகளின் பெயரில் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டைச் சேர்த்து, ஒவ்வொரு வெளியீட்டிலும் பெயரே மாறும்படி செய்தால் இந்தப் பழைய நிரல் தொல்லை பெரும்பாலும் தீரும்.

வேறொருவர் எழுதிய நிறக் கணக்கு நூலகத்தைப் பயன்படுத்தினால் அதன் பதிப்பைத் துல்லியமாகப் பூட்டிவையுங்கள். அதை உயர்த்தும் நாளில், உங்கள் விதிகள் எல்லாவற்றையும் ஒரு சில நூறு அடிப்படை நிறங்களின்மேல் பழையதிலும் புதியதிலும் இயக்கி, ஹெக்ஸ் குறியீடு மாறியவற்றை மட்டும் அருகருகே அச்சிட்டுப் பாருங்கள். கடைசி அலகில் ஒன்று நகர்வது கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் குறியீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத் தெரியும். எனவே மாற்றக் குறிப்பில் அதை எழுதுங்கள்.

எஸ்ஆர்ஜிபியைவிடக் கூடுதல் நிறங்களை அடக்கும் டிஸ்பிளே பி3 போன்ற அகன்ற நிறவெளிகளுக்கு ஆதரவு தரும் கோரிக்கை விரைவிலோ தாமதமாகவோ வரும். அந்த நிறங்களை ஆறிலக்க ஹெக்ஸில் எழுத முடியாது என்பதால் அதற்கும் புதிய வடிவ எண் தேவைப்படும். அதைக் காட்ட இயலாத திரைக்காக, செறிவு குறைத்த எஸ்ஆர்ஜிபி நிறத்தையும் அதே பதிவில் சேர்த்துச் சேமிக்க வேண்டும், திறக்கும்போது கணக்கிடுவதற்கு விடக் கூடாது. கான்ட்ராஸ்ட் அளவீட்டிலும் மாற்றம் வரலாம், ஏனெனில் அணுகல்தன்மை நெறிகளின் மூன்றாம் பதிப்பு இன்னும் வரைவு நிலையில் உள்ளது. ஆகவே தேறியது, தேறவில்லை என்று மட்டும் காட்டாமல், எந்தப் பதிப்பின் விதிப்படி என்பதையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஒரு வசதியை நீக்க முடிவு செய்தால், அதை உருவாக்கும் பொத்தானை முதலில் எடுத்துவிட்டு, அது முன்பு உருவாக்கியவற்றைத் திறக்கும் பகுதியை மட்டும் நிரலில் விட்டுவையுங்கள். அந்தப் பகுதி சில வரிகள்தான் இருக்கும். சோதனைக் கோப்பிலுள்ள பழைய இணைப்புகள் அதை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.